பஃபல் பெட்டிக்கு ஒரு சிரட்டைப் பால்

மூக்கையாவுக்குக் கடையில் விற்கும் எந்தச் சாமான் மேலும் நம்பிக்கை கிடையாது. மிளகாய்த்தூளில் செங்கல் இருக்கிறது என்பார். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மாத்திரையைக்கூட நகத்தால் சுரண்டி, நக்கிப் பார்த்துவிட்டுத்தான் விழுங்குவார். அப்படிப்பட்ட மனுசனின் வாசலில், மரத்தூளை அமுக்கிச் செய்த பலகையை மருமகன் கொண்டுவந்து சாத்தினால் சும்மா இருப்பாரா?

"விஜயா, இத யாரு தின்னுட்டுத் துப்புனது?" என்று கேட்டார்.

கேட்டது மகள் விஜயகலாவிடம். மருமகன் யோகராஜ் ரெண்டடி தள்ளித்தான் நின்றான். ஆனால் அவனோடு அவர் நேராகப் பேசுவதில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் ரெண்டு பேரும் கேகாலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மாலையும் கழுத்துமாக வந்து நின்ற நாளிலிருந்து அப்படி. சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வார். மகள் இல்லாவிட்டால் கட்டிக் கிடக்கும் ஆட்டிடம் சொல்வார். கேட்க வேண்டியவன் கேட்டுக்கொள்வான்.

"பஃபல் பெட்டி செய்யிறதுக்கு இந்தப் பலகதான்ப்பா நல்லம்," என்றாள் விஜயகலா.

"மழயில ஒரு நாளு போட்டுப் பாரு. ரொட்டி மாவாப் போயிரும்."

"கார் டிக்கிக்குள்ள எங்கேருந்துப்பா மழ பெய்யும்?"

யோகராஜ் சிரித்துவிட்டான். கிழவர் ஆட்டைப் பார்த்து முறைத்தார்.

கரவனெல்லைக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டம் அது. தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீடு அவர்களுடையது. வீட்டுக்கு முன்னால் கார் ஒன்று நிற்கும் அளவுக்கு இடம். இப்போது அங்கே ஒரு பழைய வெள்ளைச் சன்னி கார் டிக்கியைத் திறந்துகொண்டு நின்றது. கார் அப்ஹமுடையது. அப்ஹம் மாவனல்லைத் துணிக்கடைக்காரரின் மகன். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அவன் தங்கைக்குக் கல்யாணம். அதற்குள் டிக்கியில் சப்வூஃபர் என்கிற, சோற்றுத் தட்டை விடப் பெரிய ஸ்பீக்கர் ஒன்றை, பஃபல் என்று சொல்லும் மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்ட வேண்டும். கல்யாணப் பெட்டி படுக்கை வைக்கவும் இடம் வேண்டும், ஸ்பேர் டயரையும் எடுக்க முடிய வேண்டும். சதுரப் பெட்டி சரிவராது. இடது பக்க மூலையில், சக்கரத்துக்கு மேலே புடைத்துக்கொண்டிருக்கும் தகரத்தை அணைத்தாற்போல ஒரு கோணல் பெட்டி செய்ய வேண்டும்.

யோகராஜ் ஏழு வருஷம் மாவனல்லையில் ஹிஷாம் என்பவர் கடையில் இந்த வேலைதான் பார்த்தான். ஹிஷாம் வயதாகிக் கடையை மூடிவிட்டார். பிறகு எங்கேயும் வேலை அமையவில்லை. கத்தாருக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சிக்காரன் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டான். அடுத்த வாரம் போய் அதற்கடுத்த திங்கட்கிழமை கொழும்பில் மெடிக்கல். நடுவில்தான் அப்ஹம் தேடி வந்தான். "இது சரியா வந்தா, என்ட கூட்டாளிமார்ட நாலு கார் ஈக்கிது, எல்லாத்தையும் ஒங்ககிட்டயே அனுப்புறேன்," என்று சொல்லிவிட்டுப் போனான். நாலு கார் வந்தால் இந்த வாசலிலேயே தொழில். வராவிட்டால் கல்யாணத்துக்கு மறுநாள், திங்கட்கிழமை, பஸ் ஏற வேண்டியதுதான்.

"போறவங்க போகட்டும்," என்று மூக்கையா வெளியே சொன்னார். உள்ளே வேறு. மகன் ஸ்ரீதரன் ரெண்டு வருஷம் என்று சொல்லித்தான் சவூதிக்குப் போனான். ஒன்பது வருஷமாகிறது. ஃபோன் கண்ணாடிச் சில்லுக்குள் அவன் முகம் ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து, "அப்பா, சாப்டீங்களா?" என்று கேட்கிறது. அதற்குச் சோறு போட முடியுமா? மகளுக்கும் அதே கதி வரக்கூடாது என்பது அவர் எண்ணம். ஆனால் அதை மருமகனிடம் சொல்வதற்கு வாய் வர வேண்டுமே.

யோகராஜ் பழைய கலண்டர் அட்டைகளை வெட்டி, டிக்கியின் மூலையில் வைத்து, எடுத்து, மறுபடி வெட்டி, ரெண்டு நாள் அதோடே மாரடித்தான். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பொழுதுபடும்போது அட்டை அந்தப் புடைப்பில் பல்லில் ஈறு ஒட்டினாற்போல உட்கார்ந்தது. வெற்றிலை மென்றுகொண்டு வேறெங்கோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்த மூக்கையா, அது உட்கார்ந்த கணத்தில் மெல்லுவதை நிறுத்தினார்.

அந்த அட்டையை வைத்துப் பலகையை அறுத்து, ஒட்டி, ஆணி முறுக்கி, திங்கட்கிழமை காலையில் பெட்டி நின்றது. மூட்டுகளில் பூச ஒரு குழாய் வாங்கி வைத்திருந்தான். அமுக்கினால் வெள்ளையாக ஒரு பசை வரும்.

"பெட்டிக்குள்ள காத்து அடைபட்டுக் கெடக்கணும்," என்று அவன் விஜயகலாவுக்குச் சொல்வதுபோல் சத்தமாகச் சொன்னான். "அந்தக் காத்துதான் ஸ்பீக்கரத் திருப்பித் தள்ளும். ஊசித் தொளை இருந்தாலும் போச்சு, அடி சப்புன்னு போயிரும்."

"அத்தன பெரிய வேலய நம்பி இந்தச் சளியவா பூசுறாங்க?" என்றார் கிழவர், ஆட்டிடம்.

பத்து மணிக்கு யோகராஜ் பெட்டியில் போர்த்தும் கார்ப்பெட் துணி வாங்க மாவனல்லைக்குப் போனான். விஜயகலா ஆற்றுக்குத் துவைக்கப் போனாள். மூக்கையா பெட்டியை வீட்டுக்குள் இழுத்தார். கதவைச் சாத்தினார். டோர்ச் லைட்டை ஏற்றி உள்ளே போட்டு, ஸ்பீக்கர் வைக்கும் ஓட்டையைச் சாக்கால் மூடிவிட்டு, இருட்டில் மண்டியிட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கீழ் மூலையில் ஒரு மயிரிழை வெளிச்சம்.

"பாத்தியா," என்றார். வீட்டில் யாரும் இல்லை. "எனக்குத் தெரியும்."

வயர் விடுவதற்காக அந்த மூலையை மருமகன் கடைசிக்கு வைத்திருக்கிறான் என்பது அவருக்குத் தெரியாது. வரட்டும், கேட்போம் என்றும் தோன்றவில்லை. கேட்பதென்றால் நேராகக் கேட்க வேண்டும்.

முப்பத்தெட்டு வருஷம் ரப்பர் ஸ்டோரில் வேலை பார்த்தவர் அவர். காற்றை அடைக்க உலகத்தில் ஒரே சாமான்தான் உண்டென்று அவருக்குத் தெரியும். காரின் டயரே அதில்தானே ஓடுகிறது! நேராக மலைக்கு ஏறினார். ரப்பர் மரத்துப் பால் சேர்த்துக்கொண்டு இறங்கிய சூசையம்மாவைப் பாதையில் மறித்தார். சூசையம்மா பக்கத்து லயம். வாய் கொஞ்சம் நீளம்.

"ஒரு செரட்டப் பால் ஊத்து புள்ள."

"என்னாத்துக்குண்ணே? டீ ஊத்தவா?"

"காத்து அடைக்க."

"ஒங்க வாயவா? அதுக்கு ஒரு வாளி பத்தாதே!"

"ஊத்துறியா, இல்ல கணக்கப்புள்ள வர்ற வரைக்கும் சிரிச்சிக்கிட்டு நிப்பியா?"

ஊற்றினாள். அவர் அந்தத் தேங்காய்ச் சிரட்டையை மருந்து கொண்டுபோவதுபோல் ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்கினார். பழைய சவர பிரஷ்ஷை அதில் தோய்த்து, பெட்டியின் உள்ளே மூலை முடுக்கெல்லாம் பூசினார். காயவிட்டு இன்னொரு பூச்சு. மிச்சமிருந்ததையும் வீணாக்காமல் அடிப்பலகையில் ஊற்றித் தடவினார். மத்தியானத்துக்குள் வெள்ளை மறைந்து, தேன் நிறத்தில் ஒரு தோல் பிடித்தது. மறுபடி டோர்ச் போட்டுப் பார்த்தார். வெளிச்சம் இல்லை. பெட்டியை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் அறியாதவர்போல் உட்கார்ந்து பாக்கு வெட்டினார்.

யோகராஜ் திரும்பி வந்தபோது தூறல் போட்டது. அவசரமாக உள்ளே கை விட்டு, மிச்ச மூலைக்குப் பசை பூசினான். உள்ளே மினுங்கியதைத் தான் பலகை ஒட்டிய பசை என்றே நினைத்தான். வயரை இழுத்து, துணியைப் போர்த்தி, ஸ்பீக்கரை முறுக்கி, டிக்கிக்குள் ஏற்றி, அடியில் நாலு இரும்புப் பட்டையால் இறுக்கிவிட்டான். டிக்கி மூடப்பட்டது. செவ்வாய் நல்ல வெயில். புதன் அதைவிட.

புதன்கிழமை காலையில் பாட்டுப் போட்டுப் பார்த்தார்கள். முதல் அடியில் அடுப்படித் தகரப்பேணிகள் தட்டிலிருந்து குதித்தன. ஆடு கயிற்றை அறுக்கப் பார்த்தது. மூக்கையாவுக்கு நெஞ்சுக்கூட்டில் யாரோ உள்ளங்கையால் தட்டுவதுபோல் இருந்தது. மூன்று பேரும் டிக்கிக்குள் தலையை விட்டுப் பார்த்தார்கள்.

"எவ்வளவு சுத்தமா வந்துருக்கு!" என்றான் யோகராஜ். அவனுக்கே நம்ப முடியவில்லை. "ஒரு சொட்டுக் காத்துப் போகலயே!"

எப்படிப் போகும்? மூக்கையா மீசையைத் தடவிக்கொண்டு அப்பால் போனார்.

அன்று பின்னேரம் கரவனெல்லை ஆஸ்பத்திரியில் யாரோ சொந்தக்காரரைப் பார்த்துவிட்டு, அப்ஹம் தன் தாய் அபீபாவோடு ஓட்டோவில் வந்து இறங்கினான். அபீபா தடித்த உடம்பு, முழங்கால் வலி. மூச்சு வாங்கக் காரில் சாய்ந்து நின்றவர், யோகராஜ் டிக்கியைத் திறந்ததும் முந்தானையை அள்ளி மூக்கில் வைத்துக்கொண்டார்.

"யா அல்லாஹ்! மகன், இதுக்குள்ள என்னமோ செத்து ஈக்கிது!"

அப்ஹம் குனிந்தான். குனிந்த வேகத்திலேயே நிமிர்ந்தான். "என்ன யோகராஜ் இது? எலியா?"

யோகராஜ் பதறிப்போய் டிக்கிக்குள் பாதி உடம்பை விட்டுத் தேடினான். விஜயகலாவும் முகர்ந்து பார்த்தாள். "எங்களுக்கு ஒண்ணும் தெரியலையே!" என்றாள். நிஜமாகவே தெரியவில்லை. பிறந்ததிலிருந்து ரப்பர் பாலும் ஒட்டுப்பாலும் ஸ்டோர்க் கழிவுநீர்க் கானும் நாறுகிற காற்றைக் குடித்தவர்கள். மீனுக்குத் தண்ணீர் மணக்குமா?

"தெரியல்லயா?" அபீபா மூக்கை மூடியபடியே கேட்டார். "ரப்பர் ஸ்டோர் பக்கமா பஸ்ஸுல போகக்குள்ள ஜன்னல மூடுவோமே, அந்த நாத்தம்! கலியாணப் புள்ளட பெட்டிய இதுக்குள்ள வெக்கவா? புள்ளட சீலையெல்லாம் என்னத்துக்காகும்?"

அப்ஹம் நல்ல பிள்ளை. கோபப்படவில்லை. அதுதான் இன்னும் மோசம். "பரவால்ல யோகராஜ். கழட்டித் தாங்க. நாளைக்குக் கேகாலையில வேற எடத்துல பாத்துக்குறேன்," என்றான்.

யோகராஜ் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு குனிந்தான். விஜயகலா சுவரில் போய்ச் சாய்ந்தாள். மூக்கையாவுக்கு அவள் முகத்தில் திங்கட்கிழமை தெரிந்தது.

அவர் தன் எழுபத்தொரு வயதில் தப்பை ஒத்துக்கொண்டதாக அந்த லயத்தில் சாட்சி கிடையாது. தோட்டத்துத் தொரையே கேட்டபோதும் ஒத்துக்கொள்ளாதவர். வெற்றிலையைத் துப்பினார். வந்து காருக்கும் அப்ஹமுக்கும் நடுவில் நின்றார்.

"தம்பி, அது நான் பண்ணுனது."

"என்ன செஞ்சீங்க பெரியவர்?"

"பால் பூசுனேன். ரப்பர் பால். காத்துப் போகும்னு நெனச்சேன். மாப்பிள்ள வேலயில ஒரு கொறையும் இல்ல. அவருக்குத் தெரியாம, அவரு இல்லாத நேரம் பாத்து, நான்தான் பூசுனேன். எனக்கு யாரு மேலயும் நம்பிக்க இல்ல தம்பி. அது என்னோட வியாதி. அதுக்கு அவரத் தண்டிக்காதீங்க."

யோகராஜ் டிக்கிக்குள் குனிந்தவன் குனிந்தபடியே இருந்தான்.

அப்ஹம் தாயைப் பார்த்தான். அபீபா கிழவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முந்தானைக்குள்ளிருந்தே குரல் வந்தது: "வயசான மனுசன் உண்மையச் செல்றாரு. சனிக்கெழம வரைக்கும் டைம் குடுத்துப் பாரு மகன். ஆனா சனிக்கெழம நான் மணந்து பாத்துட்டுத்தான் கார் எடுக்குற."

ஓட்டோ இறங்கிப் போன சத்தம் அடங்கியது. மூக்கையாதான் தொடங்கினார்.

"ஸ்டோர்ல ஷீட்டுக்குப் புகை போட்டா நாத்தம் போயிரும். பெட்டியையும் ஒரு நாளு புகையில வச்சோம்னா…"

"மாமா!"

நாலு வருஷத்தில் யோகராஜ் அவரிடம் குரல் உயர்த்தியதில்லை. ஆடுகூடத் திரும்பிப் பார்த்தது.

"கையக் கட்டிக்கிட்டுச் சும்மா ஒரு எடத்துல உக்காருங்க! அந்த மூலைய நான் வேணும்னேதான் விட்டுருந்தேன். ஏன் மாமா ஒரு வார்த்த ஏங்கிட்டக் கேக்கல? ஆட்டுக்கிட்டப் பேசுறீங்க, செவுத்துக்கிட்டப் பேசுறீங்க. நான் என்னா, ரெண்டு கால் வச்ச ஆடா?"

"ஏங்க, விடுங்க," என்றாள் விஜயகலா.

"இல்ல புள்ள, அவரு பேசட்டும்," என்றார் மூக்கையா. தலையைக் குனிந்துகொண்டு, "கேட்டுருக்கணும்," என்றார். பிறகு நிமிர்ந்து, "எத்தன அடிப் பலக வேணும்?" என்று கேட்டார். நேராகத்தான் கேட்டார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் மாவனல்லைக்குப் போனார். கபூர் ஹாட்வெயாரில் பலகையை நாலு பக்கமும் தட்டிப் பார்த்தார். நக்கிப் பார்க்கக் குனிந்து, கடைக்காரர் முகத்தைப் பார்த்து நிமிர்ந்துகொண்டார். பஸ்ஸில் கண்டக்டர் பலகைக்கும் ஒரு டிக்கட் எடுக்கச் சொன்னான். "அதுக்கும் ஒரு சீட்டு குடு, அப்ப எடுக்குறேன்," என்று சண்டை பிடித்து, மழை பட்டுவிடக்கூடாதென்று தன் கோட்டைக் கழற்றி அதற்குப் போர்த்தி, தான் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார்.

வியாழன் முழுக்க, வெள்ளி மத்தியானம் வரை வேலை நடந்தது. அட்டை இருந்ததால் அளவெடுக்க வேண்டியிருக்கவில்லை. யோகராஜ் அறுத்தான். மூக்கையா பிடி என்றால் பிடித்தார், விடு என்றால் விட்டார். மூட்டுக்கு அந்த வெள்ளைப் பசையைப் பூசும்போது மட்டும் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். டிக்கியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, தேசிக்காயைப் பாதியாக வெட்டித் தேய்த்து, வெயிலில் திறந்து போட்டார்கள்.

எல்லாம் முடிந்தபிறகுதான் விஜயகலா கேட்டாள்: "இப்ப நாத்தம் போயிருச்சான்னு யாருங்க பாக்குறது?"

மூவரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். மூன்று மூக்கு இருந்தும் ஒன்றுக்கும் உதவாது. சூசையம்மாவைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள்; "ரோசாப்பூ மாதிரி மணக்குதுண்ணே," என்றாள் அவள். கையில் பால் வாளி. அவள் சொல்லை எப்படி எடுப்பது? "பேருல மூக்கு வச்சிருக்கீங்க, மொகத்துல வைக்கலயே," என்று கிழவரை ஒரு இடி இடித்துவிட்டு வேறு போனாள்.

வெள்ளிக்கிழமை தோறும் கிளினிக்குக்கு வரும் மிட்வைஃப் நோனா ரம்புக்கனைக்காரி. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டுதான் லயத்துக்குள் வருவாள். அது சிங்கள நோனாவின் திமிர் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் மூக்கையா. இப்போது அவரே ஓடிப்போய்ப் பாதையில் கும்பிட்டு நின்றார்.

"நோனா, மே பெட்டியென் கந்தக் எனவாத?" இதிலிருந்து நாற்றம் வருகிறதா, கொஞ்சம் பாருங்கள் என்று கெஞ்சினார்.

நோனா சந்தேகத்தோடு வந்தாள். கைக்குட்டையை எடுத்தாள். டிக்கிக்குள் குனிந்து நீளமாக ஒரு மூச்சு இழுத்தாள். மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

"நே, இல்ல," என்றாள். "பலக மணம் மட்டும். பெட்டி நல்லம்." பிறகு மூக்கையா பக்கம் திரும்பி, கைக்குட்டையைப் பழைய இடத்தில் வைத்தாள். "ஐயா, ஒங்களுக்குத்தான் கந்த."

விஜயகலா சிரித்த சிரிப்பில் கீழே உட்கார்ந்துவிட்டாள். கிழவரும் சிரித்தார். முன்பல் ரெண்டு இல்லாததை யோகராஜ் அன்றைக்குத்தான் பார்த்தான்.

சனிக்கிழமை அபீபா மணந்து பார்த்து, "பரவால்ல," என்றார். அப்ஹம் பாட்டுப் போட்டான்; முகம் மலர்ந்தது. தாய் காதைப் பொத்திக்கொண்டு, "நாத்தமே பரவால்ல போல ஈந்திச்சி," என்றார். காரை எடுத்துக்கொண்டு போனார்கள். கூட்டாளிமாரின் நாலு காரைப் பற்றி அப்ஹம் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாண அவசரம். ஞாயிறு போயிற்று. ஒரு ஃபோன் வரவில்லை.

திங்கட்கிழமை விடியக்காலை யோகராஜ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். தோளில் பை. விஜயகலா வாழை இலையில் சோறு கட்டிப் பைக்குள் வைத்திருந்தாள். அழுது முடித்த முகம். ஐந்தரைக்குக் கொழும்பு பஸ் கீழ் ரோட்டுக்கு வரும்.

"போயிட்டு வாரேன் மாமா."

மூக்கையா எழுந்து வந்தார். வாசல் படியில், இறங்குகிற வழியை அடைத்தாற்போல உட்கார்ந்தார்.

"போகாதீங்க மாப்பிள்ள."

"அந்த நாலு காரும் வராட்டி?"

"வராட்டி வேற கார் வரும். நான் மாவனல்லை ரோட்டுல நின்னு, போற கார் வார கார எல்லாம் மறிச்சிச் சொல்றேன். என் வாய் எம்புட்டு நீளம்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"விளையாட்டில்ல மாமா. நிச்சயம் இல்லாத வேலய நம்பி எப்பிடி…"

"அந்தக் கோணத் தகரத்துல ஒங்க அட்ட போயி உக்காந்துச்சே, நான் பாத்தேன். அது நிச்சயம். அத நம்பலாம்." கிழவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. படிக்கல்லைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். "அன்னிக்கே சொல்லிருக்கணும். வாய் வரல."

கீழே வளைவில் பஸ் ஹோர்ன் அடித்தது. யோகராஜ் பாதையைப் பார்த்தான். படியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தான். கொஞ்சம் நகர்ந்தால் தாண்டிப் போகலாம். பஸ் நின்று, யாரையோ ஏற்றி, கியர் மாற்றி, ரப்பர் மரங்களுக்குள் தேய்ந்து போனது.

யோகராஜ் பையைத் தோளிலிருந்து இறக்கிக் கிழவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். விஜயகலா பையைத் திறந்து, சுடச் சுட இருந்த சோற்றுப் பார்சலை வெளியே எடுத்து, இலையைப் பிரித்து, மூன்று பங்காக வைத்தாள்.